ஜூன் மூன்று

'ஜூன் மூணு இல்லையே. புள்ள ஐப்பசி மழையிலல்ல பொறந்தான்?' வாசலில் இறக்கி வைத்த கறுப்பு கிரானைட் கல்லைப் பார்த்தபடி செபமாலை நினைத்துக்கொள்கிறாள். உச்சி வெயிலில் கல் கண்ணைக் கூச வைக்கிறது. சிலுவைக்குக் கீழே அவள் மகன் ஜெரால்டின் பெயர், பிறந்த நாள், போன வருடத்துத் தேதியில் இறந்த நாள். சவூதிக்குப் போனவனிடமிருந்து மூன்று வருடமாக ஒரு பேச்சும் இல்லை. "யாருப்பா செய்யச் சொன்னது?" என்று அவள் புருஷன் சூசைராஜ் மறுபடியும் கேட்கிறார். "பேரு சொல்லலைங்க. போன்லயே சொல்லி முழுப் பணமும் போட்டுட்டாங்க. அம்மா பேருக்குத்தான் எறக்கச் சொன்னாங்க," என்கிறார் அறந்தாங்கிப் பட்டறையிலிருந்து வந்த டிரைவர். ஜூன் மூணு, பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் தானாக எழுதிக்கொண்ட தேதி. வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. அவன் பாஸ்போர்ட்டில்தான் இருக்கிறது. அப்படியென்றால் கல்லைச் செய்யச் சொன்னவர் அந்தப் பாஸ்போர்ட்டைப் பார்த்திருக்கிறார். 'அப்ப சேதி நெசந்தானோ?' சூசைராஜின் விரல் பெயரின் பள்ளத்தில் ஊர்கிறது, நகக்கண்ணில் வெள்ளைத் தூள் ஏறுகிறது. "வாங்கிக்குவோம்டி. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தி ஏத்துது, நாம வேலியோரமா நிக்கிறோம். நமக்கும் ஒரு எடம் வேணாமா?" டிரைவர் ரசீதையும் பேனாவையும் அவளிடம் நீட்டுகிறார். அவள் கை நீளவில்லை. கீழே கிடந்த சாக்கை எடுத்துக் கல்லின் மேல் போர்த்துகிறாள். "வேணாம்ப்பா. தண்ணி குடிச்சிட்டு ஏத்திக்கிட்டுப் போங்க."