திட்டாத மனுஷர்

ஹுதாவின் காதிலிருந்த ஹெட்போனை வைஜயந்தி பிடுங்கி மேஜைமேல் போட்டாள். ஹால் முழுவதும் கீபோர்டுச் சத்தம் நின்றது.

"டாக்டர் பி.பி. அதிகம்னு சொல்றார். நீ கம்மின்னு அடிச்சிருக்க. அங்க ஒரு நர்ஸ் இதை நம்பி மாத்திரை குடுப்பா. அந்த ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது, நீயா?"

"சரியா கேக்கலை மேடம்."

"கேக்கலைன்னா அந்த இடத்துல வெறும் கோடு போட்டு விடு. நீயா ஊகிக்காதே. மறுபடி போட்டுக் கேளு. சரியா வர்ற வரைக்கும் சாப்பாடு கிடையாது. உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை."

2001-ஆம் வருஷம். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டு, டைப் செய்து அனுப்புகிற கம்பெனி அது. புனே சிவாஜி நகரில் ஒரு மாடி, நடுவில் கண்ணாடித் தடுப்பு, இரண்டு டீம். ஒன்றுக்கு வைஜயந்தி லீடர், மற்றதற்கு ரங்கராஜன்.

தடுப்புக்கு இந்தப் பக்கம், ரங்கராஜன் டீமில் இருந்த ஆனந்தவல்லி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஹுதாவும் புனேயை ஒட்டிய கட்கியில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். தினமும் லோக்கல் ட்ரெய்னில் சேர்ந்து வந்து சேர்ந்து போகிறவர்கள்.

ரங்கராஜன் சாரிடம் இந்தக் கூச்சலெல்லாம் கிடையாது. யாருக்காவது தலைவலி என்றால் அவரே சாய் சொல்லி அனுப்புவார். ஆனந்தவல்லியின் அப்பா ரிட்டயராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது டெம்போ பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். ஃபைலில் சந்தேகம் என்று போய் நின்றால், "வச்சுட்டுப் போம்மா, நான் பார்த்துக்கறேன். ட்ரெய்னுக்கு நேரமாச்சு பாரு" என்பார்.

சாயங்காலம் பிளாட்பாரத்தில் ஹுதா வீங்கிய கண்களோடு வடாபாவ் தின்றுகொண்டிருந்தாள்.

"பேசாம எங்க டீமுக்கு வந்துடுடி. நான் சார்கிட்ட சொல்றேன்."

"மேடம் விடமாட்டாங்க. திட்டிட்டு அப்புறம் பக்கத்துலயே உக்காந்து திரும்பத் திரும்பக் கேக்க வச்சாங்க. இப்போ அந்த டாக்டர் பேசறது எனக்குப் புரியுது."

"அதுக்காக எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கணுமா?"

ட்ரெய்ன் வந்ததும் ஹுதா ஏறிக்கொண்டாள். அவளுக்கும் சேர்த்து ஆனந்தவல்லி கொதித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஆபீஸ் வாசல் டீக்கடையில் வைஜயந்தி தனியாக நின்றிருந்தாள். ஆனந்தவல்லி நேராகப் போய் எதிரில் நின்றாள்.

"மேடம், நேத்து ஹுதா வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அழுதா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? மனுஷங்களை மனுஷங்களா நடத்தத் தெரியலைன்னா எதுக்கு லீடரா இருக்கீங்க? எங்க சாரைப் பார்த்துக் கத்துக்கங்க."

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். வைஜயந்தி கிளாஸைக் கீழே வைத்தாள்.

"உன் ஃபைல் ஒண்ணு தப்புன்னு கடைசியா எப்போ உன்கிட்ட திரும்பி வந்தது?"

"எனக்கு இதுவரைக்கும் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை."

வைஜயந்தி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், "போ, போய் வேலையைப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறிவிட்டாள். வாயை அடைத்துவிட்ட திருப்தியில் ஆனந்தவல்லி அரை கிளாஸ் கட்டிங் சாய் வாங்கிக் குடித்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அமெரிக்காவிலிருந்து வேலை வருவது பாதியாகக் குறைந்தது. இனி ஒரே டீம்தான், பாதிப் பேர் போக வேண்டியிருக்கும் என்று நிர்வாகம் அறிவித்தது. எல்லோருக்கும் ஒரே பதிவைக் கொடுத்தார்கள். டைப் செய்ததை லீடர்கள் யாரும் தொடாமல் நேராக அமெரிக்காவுக்கு அனுப்பிப் பார்த்து, யார் இருப்பது என்று முடிவு செய்யப் போவதாகச் சொன்னார்கள்.

ஆனந்தவல்லி பயப்படவில்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஆனால் போகப்போவது திட்டு வாங்கும் கூட்டம்தானே. ஹுதாவை நினைத்துத்தான் அவளுக்குக் கவலையாக இருந்தது.

முடிவு வந்த அன்று வைஜயந்தி டீமில் அநேகமாக எல்லோருக்கும் வேலை நிலைத்தது. ஹுதாவுக்கும்தான். ரங்கராஜன் சார் ஆனந்தவல்லியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சாய் சொன்னார். ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"மனசைத் தேத்திக்கம்மா. லிஸ்ட்ல உன் பேர் இல்லை."

"எப்படி சார்? என் ஃபைல்ல ஒரு தப்புகூட வந்ததில்லையே."

"வரும்மா. நிறையவே வரும். நான் உக்காந்து திருத்தி அனுப்பிடுவேன்."

"எப்போலேர்ந்து?"

"நீ சேர்ந்ததுலேர்ந்தே."

தடுப்புக்கு அந்தப் பக்கம் வைஜயந்தி யாரையோ திட்டிக் கிழித்துக்கொண்டிருந்தது இங்கே வரை கேட்டது.

"ஒரு தடவை சொல்லியிருந்தா கத்துக்கிட்டிருப்பேனே சார். ஏன் சொல்லலை?"

ரங்கராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் டம்ளரை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார்.

"உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்மா."