ஊரார் கார்

"மாத்தளையில வேற பாஸே கெடைக்கலியா சேர் உங்களுக்கு?"

காரை விற்கவிருந்த ஜஸ்லா கேட்டைத் திறந்ததும் முதலில் கேட்டது அதைத்தான். விஜேந்திரன் பைக்கை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பின்னால் உட்கார்ந்து வந்த மெக்கானிக் ஸியாம் பாஸ் வானத்தைப் பார்த்தபடி இறங்கிக்கொண்டிருந்தார்.

"பஸ் ஸ்டாண்டுல மூணு பேர்கிட்ட விசாரிச்சேன் அக்கா. மூணு பேரும் இவர் பேரைத்தான் சொன்னாங்க. பொய்யே சொல்ல மாட்டாராம்."

"அதான் பிரச்சினையே" என்றாள் ஜஸ்லா.

பழைய காரை ஒரு மெக்கானிக் பாஸுக்குக் காட்டாமல் யாரும் வாங்குவதில்லை. விஜேந்திரனுக்கு அது இன்னும் அவசியம். அவன் எல்கடுவ தோட்டப் பாடசாலையில் ஆசிரியன். மனைவி ஜெயந்தினிக்கு ஏழாம் மாதம். போன முறை கிளினிக்குக்கு அவளைத் தோட்டத்து லொறியில்தான் கூட்டிவந்தான். ஒவ்வொரு வளைவிலும் அவன் மணிக்கட்டை அவள் பிடித்த பிடி இன்னும் கையிலேயே இருந்தது. அவளை இடிக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற கார் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

கராஜில் இந்த வீட்டு முகவரியைக் கேட்டதும் ஸியாம் பாஸ் காதைச் சொறிந்தார். பிறகு பைக்கில் ஏறினார். இவர்களுக்குள் ஏற்கெனவே ஏதோ தகராறு போல. நல்லதுதான், விற்பவருக்கு வேண்டாதவர் உண்மையைச் சொல்வார் என்று விஜேந்திரன் நினைத்துக்கொண்டான்.

"ஸ்டார்ட் பண்ணுங்க, மேடம்" என்றார் பாஸ்.

'மேடம்' என்றதும் ஜஸ்லாவின் புருவம் ஏறி இறங்கியது. சாவியைத் திருப்பினாள். அந்த வெள்ளைக் காரின் டாஷ்போர்ட் கடகடத்தது, கண்ணாடிகள் நடுங்கின.

"கொஞ்சம் ஆடும் சேர். வயசாச்சில்ல."

"வயசுக்கு ஆடுற ஆட்டமில்ல இது." பாஸ் பொனட்டைத் தூக்கினார். "பிரேக்க நல்லா மிதிச்சிட்டு D-யில போடுங்க. லேசா எக்ஸலேட்டர் குடுங்க. பிரேக்க மட்டும் விட்டுடாதீங்க, நான் முன்னால ஈக்கிறேன்."

"விடலாமான்னுதான் யோசிக்கிறேன்."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விஜேந்திரன் தள்ளி நின்றான். எஞ்சின் ஒரு பக்கமாக எம்பியது. ரிவர்ஸில் போட்டதும் 'டொக்'கென்று உட்கார்ந்தது. பாஸ் டோர்ச்சை அடித்து உள்ளே காட்டினார்.

"பாருங்க சேர். இந்த ரப்பர் மேலதான் எஞ்சின் உக்காரணும். இது வெடிச்சு அமுங்கிக் கெடக்கு. மூணு மவுண்ட் போச்சு. எஞ்சின் நல்லா ஈக்குது, கியர் நல்லா ஈக்குது. ஆனா இப்படியே உங்க மலையில ஏத்தினா வளைவுக்கு வளைவு இடிக்கும். புள்ளத்தாச்சிய இதுல ஏத்தாதீங்க."

யாரையும் சந்தோஷப்படுத்த நினைக்காத அந்த முகம் விஜேந்திரனுக்கு ஆறுதலாக இருந்தது.

ஜஸ்லா எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தாள். "ஒரு கரண்டி சீனி காணுமா சேர்?" என்று அவனைக் கேட்டாள். பாஸிடம் ஒன்றும் கேட்காமல் கோப்பையை நீட்டினாள். கோபம் போல.

"ஆடுறது எனக்குத் தெரியாதா சேர்? எட்டு மாசமா ஒரு பாஸ்கிட்ட சொல்லிட்டே ஈக்கேன். நாளைக்கு, நாளைக்குங்கிறார்."

"யாரு அக்கா அந்த பாஸ்?"

"ஈக்கார் ஒருத்தர். ஊரார் கார்னா கண்ண மூடிக்கிட்டே பழுது சொல்லுவார். இது மட்டும் அவர் கண்ணுல படாது."

ஸியாம் பாஸ் டோர்ச்சை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அணைத்தார். "அவருக்கும் வேல கூடுதலா ஈக்கும். பாவம்."

"பாவமா? அவரா?" ஜஸ்லா சிரித்தாள். "அதான் விக்கிறேன் சேர். ஸ்கூட்டி ஒன்னு எடுத்துட்டா யார்கிட்டயும் கெஞ்சத் தேவல்ல."

சிரிப்பு முடிந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் உலர்ந்திருந்தது. இவள் அலுத்துப்போனது காரின் ஆட்டத்தால் அல்ல என்று விஜேந்திரனுக்குத் தோன்றியது. வீட்டில் சொட்டிக்கொண்டிருக்கும் குசினிக் குழாயும், அதைப் பற்றி ஜெயந்தினியிடம் தான் சொல்லிவரும் 'நாளைக்கு'களும் ஏனோ நினைவுக்கு வந்தன. பாஸும் அப்போதுதான் தலையை நிமிர்த்தி முதல் தடவையாக ஜஸ்லாவின் முகத்தைப் பார்த்தார்.

"மவுண்ட மாத்தினா சரியாயிடுமா, பாஸ்?"

"ஜாக்குல பலகை வச்சு எஞ்சினத் தூக்கிப் புடிச்சு, மூணையும் மாத்திட்டா, பொனட்டுல தண்ணி கிளாஸ் வைக்கலாம். சிந்தாது."

"மாத்திக் குடுங்க அக்கா, நீங்க சொன்ன விலைக்கே எடுக்கிறேன். வியாழக்கிழமை கிளினிக் இருக்கு."

ஜஸ்லா கையைக் கட்டிக்கொண்டாள். "எப்ப மாத்துவீங்க, பாஸ்?"

"நாளைக்கு."

"எழுதிக் குடுங்க."

பாஸ் உண்மையாகவே சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். 'நாளை காலை எட்டு மணி' என்று எழுதி, கையெழுத்தும் போட்டு நீட்டினார். அவள் அதை இரண்டு தரம் வாசித்து, மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

விஜேந்திரனுக்கு நெஞ்சு லேசானது. பைக்கை உதைத்தான். "ஏறுங்க பாஸ், உங்கள வீட்டுல எறக்கிட்டுப் போறேன்."

ஸியாம் பாஸ் ஏறவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றி, அங்கே கிடந்த ஜஸ்லாவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மூணு மணிக்கே வீட்டுல எறக்கிட்டீங்களே சேர்" என்றார். "இனி விடியும்வரைக்கும் இவட வாய நான்தானே கேக்கணும்."