பன்னிரண்டாம் இடம்

"உனக்கும் ஓட்டு உண்டுல்ல, வெண்டல்? நம்ம பசங்களை எத்தனாவது இடத்துல போட்ட?"

ஆரின் பவெல்கா சாதாரணமாகத்தான் கேட்டார். வெண்டலின் கையிலிருந்த காபி சிந்தியது.

"ஓட்டு ரகசியம், ஆரின்."

"அது பழைய கூட்டமைப்புல. புதுசுல ஒவ்வொருத்தர் பேரையும் போட்டே வெளியிடுறாங்களாம். இன்னைக்குப் பத்து மணிக்கு."

வெண்டலுக்கே அது நேற்றுதான் தெரியும். கார்வெல் ஊரின் வாரப் பத்திரிகையில் இருபது வருடமாக, பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிப் பத்தி எழுதுகிறவன் அவன். கார்வெல் கல்லூரியின் நாரைகள் அணி இந்த வருடம்தான் பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கும் கூட்டமைப்பில் சேர்ந்திருந்தது. யார் எத்தனாவதாக வருவார்கள் என்று இருபத்து நான்கு பத்திரிகைக்காரர்கள் முன்கூட்டியே கணித்து அனுப்ப வேண்டும். யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் வெண்டலும் ஜூலையில் அனுப்பிவிட்டான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து நேற்று முடிவைச் சொன்னார்கள். பன்னிரண்டு அணிகளில் நாரைகளுக்குப் பன்னிரண்டாம் இடம்.

உடனே கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போன் செய்து, தன் கணிப்பை மாற்ற முடியுமா என்று வெண்டல் கெஞ்சினான். எடுத்த பெண் சிரித்தாள்.

லவோன் சூடான ரொட்டித் தட்டை மேசையில் வைத்துவிட்டு தானும் உட்கார்ந்தாள். கடை அவளுடையது. நாரைகளுக்குப் பந்தெறியும் கைலர் அவளுடைய மகன்.

காலையிலிருந்து மூவருக்கும் வாதம்தான். ஒன்பதாவது வந்தாலே பெரிய விஷயம் என்றார் ஆரின். எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒவ்வொருவனும் ஒரு கன்றுக்குட்டி எடை இருக்கிறான், போன வருடம் வரை பேருந்தில் போய் ஆடிய பசங்கள் இனி விமானத்தில் போக வேண்டும், தூக்கம் கெடும். லவோன் ஆறாவது இடம் என்றாள்.

"அதிகம். இறக்கு."

"என் பையன் எறியிறதை நீ சரியாப் பார்க்கல, ஆரின்."

"பார்த்ததாலதான் சொல்றேன். இறக்கு."

லவோன் ஏழுக்கு இறங்கினாள்.

அந்த மேசையின் பழக்கம் அது. முப்பது வருடத்துக்கு முன் ஓர் ஆகஸ்ட் காலையில் இதே மேசையைக் குத்தி, இந்த வருடம் நாம்தான் முதலில் என்று ஆரின் கத்தினார். முதல் ஆட்டத்திலேயே, அன்று பந்தெறிந்த அவருடைய தம்பியின் முழங்கால் போயிற்று. தம்பி இன்றும் படி ஏற ஒருவர் கையைப் பிடிக்க வேண்டும். அதன்பிறகு இந்தக் கடையில் அந்தப் பேச்சே இல்லை. வெளியூர்க்காரர் யாராவது தெரியாமல் பேசிவிட்டால், திருஷ்டி கழிய எல்லாக் கைகளும் மேசைக்கு அடியில் போய் மரத்தைத் தட்டும். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டைத் தட்டினால் பலிக்காதாம்.

அதற்காக, கடைசி இடம் என்று ஒருவன் எழுதினால் பொறுத்துக்கொள்வார்களா? ஆரின் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து வைத்திருந்தார்.

"பன்னிரண்டுன்னு போட்டவனுங்க பேரெல்லாம் இதுல எழுதிச் சுவத்துல ஒட்டப்போறேன். அதுல உள்ளூர்க்காரன் எவனாவது இருந்தா, அவன் வேற இடத்துல காபி குடிச்சுக்கட்டும்."

சொல்லிவிட்டு வெண்டலைப் பார்த்தார்.

மனைவி பிரிந்து போன வருடம், யாருமில்லாத வீட்டில் காலைச் சாப்பாடு இறங்காமல் வெண்டல் இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தான். ஏன் வந்தாய் என்று இவர்கள் கேட்கவில்லை. ஒரு கோப்பையை அவன் பக்கம் நகர்த்தி, ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். இன்று பத்து மணிக்கு அந்த நாற்காலி போய்விடும். சுவர்க் கடிகாரம் ஒன்பது ஐம்பத்திரண்டு காட்டியது. வண்டி வாசலில்தான் நின்றது. கால்தான் எழவில்லை.

"வெண்டல், இங்க பாரு," என்றாள் லவோன். "எங்களைக் கடைசியில போட்டிருந்தா இப்பவே சொல்லிடு. பத்து நிமிஷம் திட்டுவேன். அப்புறம் காபி ஊத்துவேன்."

"லவோன், நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்..."

கதவு மணி அடித்தது. ரொட்டி வாங்க யாரோ வந்தார்கள். லவோன் எழுந்து போய்க் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் பத்து மணி ஆகிவிட்டது. வெண்டல் தொடங்கியது அவளுக்கு நினைவில்லை. போனில் பட்டியலை எடுத்து மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு. பதினொன்று. பன்னிரண்டு. பன்னிரண்டு. ஆரினின் பென்சில் தாளைக் கிழிப்பதுபோல எழுதியது. வெண்டல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

கடைசியில் இருந்த வெண்டலின் பெயருக்கு வந்ததும் லவோனின் குரல் நின்றது. போனை ஆரின் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ஏண்டா?" என்றார், கோபமே இல்லாமல்.

"ஏப்ரல்ல பயிற்சியைப் பார்க்கப் போனேன், ஆரின். பார்த்ததை எழுதினேன். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுட்டேன்."

ஆரினின் கை மெதுவாக மேசைக்கு அடியில் போயிற்று. லவோன் அதற்குள் மகனைப் போனில் பிடித்திருந்தாள்.

"கைலர், முழங்கால் பட்டையைப் போட்டுக்கோ. ஆட்டத்துக்கு இல்லடா, இப்பவே, படுக்கையை விட்டு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி," என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்க வெண்டல் மாமா நம்மளை முதல் இடத்துல போட்டுட்டாருடா."