இன்னும் கொஞ்சம் கிட்ட

“இஞ்சருங்கோ, திமிங்கிலத்துக்குப் பல்லு முளைச்சிருக்கு!”

குசினி மேசையிலிருந்து ஜெயரூபி போனை நீட்டினாள். அவள் கணவர் குலசிங்கம் தேத்தண்ணீரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். ஏஐ கீறிக் கொடுத்த படத்தில், முதலைக்குப் பிறந்தது போன்ற ஒரு திமிங்கிலம் ஆகாயத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. பின்னால் பனிமலை வேறு.

“என்னெண்டு எழுதிக் குடுத்தனீ?”

“திமிங்கிலம், படகு எண்டுதான்.”

“அப்ப எந்த ஊர்க் கடலெண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?”

உப்புவெளிக் கடற்கரையிலிருந்து உல்லாசப் பயணிகளைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போவதுதான் குலசிங்கத்தின் தொழில். இந்த சீசனில் வந்த ஆட்களெல்லாம் அவரைத் தாண்டி அபூதாஹிரின் படகுக்கே போனார்கள். அபூதாஹிரின் பேஸ்புக்கில் திமிங்கில வால் ஒன்று தெரிந்தது. குலசிங்கத்தின் பேஸ்புக்கில் குலசிங்கம்தான் தெரிந்தார்.

சீசன் இப்படியே முடிந்தால் படகை விற்றுவிட்டு மச்சானின் இரும்புக் கடையில் போய் இருக்கவேண்டியதுதான். மச்சான் அவர் உட்காரக் கதிரைகூடப் பார்த்து வைத்துவிட்டார்.

“தையல்காரருக்குச் சொல்லுற மாதிரித்தான் இதுக்கும் சொல்லோணும் போல,” என்றாள் ஜெயரூபி. “அளவு சொல்லாட்டி தன்ர எண்ணத்துக்குத் தைச்சுப்போடும். நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்.”

“திருகோணமலைக் கடல். விடியக் காலமை. சாய்ஞ்ச வெளிச்சம். அலையில்லாத தண்ணி.”

அடுத்த படத்தில் பனிமலை போய், கடல் கடலாக வந்தது. திமிங்கிலம் மட்டும் பாய்ச்சலை விடவில்லை.

“நீலத் திமிங்கிலம் இப்பிடிப் பாயாது. முதுகு மட்டும் தெரியோணும், மேல மூச்சுத் தண்ணி அடிக்கோணும். வேற ஒண்டையும் மாத்தாதை எண்டும் எழுது. இல்லாட்டிக் கடலையும் மாத்திப்போடும்.”

இப்போது திமிங்கிலம் சரி. ஆனால் படகு பணக்காரர்களின் சொகுசுக் கப்பலாக நின்றது. ஜெயரூபி கொஞ்சம் யோசித்துவிட்டு, போனில் இருந்த அவர்களுடைய படகின் படத்தையே ஏற்றி, இந்தப் படகுதான் வேண்டும் என்று எழுதினாள். நீலக் கோடு, பதிவு இலக்கம், மேலே கிழிந்த கூரைச்சீலை எல்லாம் அப்படியே வந்தன. பயணி ஒருவருக்கு ஆறு விரல்.

“எல்லாரும் முதுகு காட்டிக்கொண்டு நிக்கினம் எண்டு போடு. கையும் தெரியாது, மூஞ்சியும் தெரியாது.”

“போனில எடுத்த படம் மாதிரி, கொஞ்சம் ஆடினாப்போல எண்டும் போடுறன்.”

வந்த படத்தை இருவரும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

“எனக்கே நம்பத் தோணுது,” என்றாள் ஜெயரூபி.

“எல்லாம் சரி. ஆனா தூரத்தில நிக்குது. அபூதாஹிர்ரயும் தூரத்திலதான். இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவா.”

கொண்டுவந்தாள்.

“இன்னும் கிட்ட.”

“முட்டப்போகுதப்பா.”

“படத்தில முட்டினா என்ன, படகு கவிழவா போகுது?”

கடைசியில், குனிந்தால் தொடலாம் என்ற தூரத்தில் திமிங்கிலம் வந்து நின்றது. ‘நேற்று எங்கள் படகிலிருந்து எடுத்தது’ என்று பேஸ்புக்கில் போட ஜெயரூபி எழுதினாள். எழுதிவிட்டுக் கணவனை ஒருமுறை பார்த்தாள். “போடு, போடு, ஆர்தான் போடேல்லை?” என்றார் அவர்.

பின்னேரமே போன் அடித்தது.

மறுநாள் காலை அக்குறணையிலிருந்து வேனில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. ஆறு பேர். எல்லோரும் பாதுகாப்பு அங்கி போட்டுக்கொண்டு ஏறத் தயாராக நின்றார்கள். அபூதாஹிர் தன் வெறும் படகில் சாய்ந்து நின்று பார்த்தார். குலசிங்கத்துக்கு அந்தப் பார்வையே போதுமாக இருந்தது.

“இந்தப் படத்தில உள்ளமாதிரிக் கிட்டக் காட்டுவீங்கதானே?” என்று கேட்டார் குடும்பத் தலைவர் அஷ்பாக்.

“இதைவிடக் கிட்டவும் காட்டுவன்.”

தொப்பி போட்ட இன்னொருவர் அருகில் வந்தார். அவருடைய போனிலும் அதே படம்தான் இருந்தது. இன்றைக்கு ஏழு பேராகப் போகிறது என்று குலசிங்கம் மகிழ்ந்தார்.

“அண்ணை, இது உங்கட படகுதானே?”

“ஓம். நம்பரைப் பாருங்கோவன்.”

“ஆர் ஓட்டினது?”

“நான்தான். என்ர படகை வேற ஒருத்தரிட்டயும் குடுக்கமாட்டன்.”

“இவ்வளவு கிட்டப் போகேலுமோ?”

அக்குறணைக் குடும்பம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைக் குலசிங்கம் கவனித்தார். குரலை உயர்த்தினார்.

“மற்றவை பயந்து தூரத்திலயே நிப்பினம். நான் நேர பக்கத்தில கொண்டுபோய் விடுவன். முந்தநாள் ஒரு பிள்ளை தொட்டும் பாத்தது!”

“நல்லது,” என்று சொன்ன அந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். “வனசீவராசிகள் திணைக்களம். திமிங்கிலத்துக்கு இவ்வளவு கிட்டப் படகு விடுறது குற்றம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? படகை எடுக்கேலாது. மிச்சத்தை நீதிமன்றத்தில சொல்லுங்கோ.”

குலசிங்கம் படகைப் பார்த்தார். அங்கி போட்டு நின்ற ஆறு பேரையும் பார்த்தார். பிறகு அபூதாஹிருக்கும் கேட்கும்படி கத்தினார்:

“சேர், அது என்ர மனிசி போனில செய்த பொய்ப் படம்! இந்த சீசனில நான் ஒரு திமிங்கிலத்தையும் கண்ணால காணேல்லை!”