டீ போடும் பரீட்சை

“முடியாது” என்றார் எம்லின்.

எதிரே உட்கார்ந்திருந்த ஹேலி, மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு, பொறுமையாக இன்னொரு முறை விளக்கினாள். அவரால் வீட்டில் சமாளிக்க முடியுமா என்று பார்க்க உள்ளூர் கவுன்சில் அனுப்பிய பெண் அவள். யார் துணையும் இல்லாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும், சமையலறை வரை நடக்க வேண்டும், ஒரு கோப்பை டீ போட வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

பக்கத்தில் நின்ற மருமகள் லிண்ட்சே கைத்தடியை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த எம்லின் வீடு திரும்பி ஆறு வாரம் ஆகிறது. தேறினால் இந்த வீட்டிலேயே இருக்கலாம். தவறினால் திங்கட்கிழமை முதியோர் இல்லம். மகன் கிரெய்க் அங்கே பேசி முடித்து ஓர் அறையும் பிடித்துவிட்டான்.

அந்த இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்றே எம்லின் தீர்ப்பு சொல்லிவிட்டார். இருபது பேருக்குக் கூடத்தில் ஒரே டிவி. ரிமோட் மேட்ரனின் பையில். பொழுது விடிந்தால் சமையல் நிகழ்ச்சி, பொழுது சாய்ந்தால் ஏல நிகழ்ச்சி. “அதுக்கு மறுபடியும் சுரங்கத்துக்குள்ளயே இறங்கிடலாம்” என்றார். முப்பது வருஷம் நிலக்கரி வெட்டிய மனிதர்.

இங்கே அவர் வைத்ததுதான் சட்டம். சுவர் கொள்ளாமல், டிவியிலிருந்து அவரே பதிவு செய்த வீடியோ கேசட்டுகள், ஒவ்வொன்றின் முதுகிலும் அவருடைய கோணல் கையெழுத்து. காலையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மத்தியானம் ஒரு பழைய துப்பறியும் தொடர். அதில் யாராவது கதவைச் சாத்தினால் செட்டின் அட்டைச் சுவரும் சேர்ந்து ஆடும், அதைப் பார்க்கவே திரும்பத் திரும்பப் போடுவார். சாயங்காலம் அறுபதுகளின் கிட்டார் கோஷ்டிகள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. அக்கம்பக்கத்தில் யாரும் முகம் சுளித்தால் சத்தத்தை இன்னும் கூட்டுவாரே தவிரக் குறைக்க மாட்டார்.

ஆறு வாரமாக அவரைப் பழக்கியது லிண்ட்சேதான். முதலில் கதவு வரை, பிறகு அடுப்பு வரை. நேற்றுகூடத் தானே டீ போட்டு அவளிடம் நீட்டி, “குடிச்சுப் பாரு, இங்கிலாந்துக்காரி. வேல்ஸ்ல இதைத்தான் டீன்னு சொல்லுவோம். நீ போடறது கழுநீர்” என்று சீண்டினார். அந்தக் கழுநீர்ப் பட்டத்தில் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

ஹேலி இன்று பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டாள். டிவியில் படம் முடிகிற கட்டம். ஒரே நாளில் இரண்டு பெண்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்ட தபால்காரர் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். படம் முடியட்டும் என்று எம்லின் சொல்ல, ஹேலியும் உட்கார்ந்து பார்த்தாள், கடைசியில் வாய்விட்டுச் சிரித்தும்விட்டாள். லிண்ட்சேக்கு உயிர் வந்தது.

படம் முடிந்தும் கேசட் நிற்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய அறிவிப்பாளர் ஒருவர் அன்றைய ஒளிபரப்பு முடிந்ததென்று சொல்லி விடைபெற்றார். பின்னால் வாத்தியக்குழு முழங்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து ஹேலி பேனாவைத் திறந்து, எழுந்திருங்கள் பார்க்கலாம் என்றாள். அப்போதுதான் அந்த ‘முடியாது’.

சத்தம் இடைஞ்சலாக இருக்குமோ என்று லிண்ட்சே ரிமோட்டுக்குக் கை நீட்டினாள். எம்லின் அதை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். “அது பாட்டுக்கு ஓடட்டும்.”

“வலிக்குதா?”

“வலியெல்லாம் ஒண்ணுமில்ல.”

“அப்ப ஒரே ஒரு தடவை எந்திரிச்சுப் பாருங்க, எம்லின். எனக்காக.”

“உனக்காகவும் முடியாது.”

எழப் பார்க்கிறவர்கள் முன்பக்கம் சாய்வார்கள். இவரோ நன்றாகப் பின்னால் சாய்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. முயற்சிகூடச் செய்யவில்லை.

விழுந்துவிடுவோம் என்ற பயமா என்று ஹேலி தணிந்த குரலில் கேட்டாள்.

“பயமா? எண்பத்து மூணு வயசு வரைக்கும் செய்யாததை, நீ சொல்லி இன்னிக்குச் செய்யணுமா கண்ணு?”

ஹேலி இரக்கத்தோடு லிண்ட்சேயைப் பார்த்தாள். நினைவும் தடுமாறுகிறது என்று அந்தப் பார்வை சொல்லிற்று. நேற்று நடந்தாரே, டீகூடப் போட்டாரே என்று லிண்ட்சே கெஞ்சாத குறையாகச் சொன்னாள். வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஹேலி தலையசைத்துவிட்டு, படிவத்தின் முதல் கட்டத்தில் ‘இயலவில்லை’ என்று எழுதினாள்.

லிண்ட்சேக்குக் கிழவர் மேல் கோபம் வந்தது. ஆறு வாரம் பாடுபட்டு, கரை ஏறுகிற நேரத்தில் இப்படியா கைவிடுவது?

முரசு ஒரு தடவை உருண்டு ஓய்ந்தது. இசை நின்று, திரையில் வெறும் புள்ளிகள் இரைந்தன.

எம்லின் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். முன்னால் சாய்ந்தார், கைகளை ஊன்றினார், எழுந்து நின்றார். கைத்தடியைக்கூடத் தொடாமல் இரண்டு பெண்களையும் தாண்டிச் சமையலறைக்குப் போய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். ஹேலியின் பேனா அந்தரத்தில் நின்றது.

“அப்ப இவ்வளவு நேரம் ஏன் முடியாதுன்னீங்க?” என்றாள் லிண்ட்சே.

எம்லின் பால் குவளையோடு திரும்பினார்.

“ராணி வாழ்த்து ஓடிட்டிருந்துச்சு. அதுக்கு நான் எந்திரிக்கறதில்ல.”