மாமன் சீருக்குப் பந்தோபஸ்து

"நல்ல நேரம் ஓடிக்கிட்டே இருக்கு சார். ஊசி ரெடி, பாப்பா ரெடி. மாமன் எங்க சார்?"

காது குத்த வந்த உத்திராபதி ஆசாரி மறுபடியும் கேட்டார்.

திருவந்திபுரம் மண்டபத்தில் சேரன் வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மடியில் மகள் சுவேதா. அப்போதுதான் மொட்டை அடித்திருந்தது. சந்தனம் பூசிய தலையில் அம்மாவின் போலீஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு, கழற்ற மாட்டேன் என்றாள். தொப்பி மூக்குவரை இறங்கியிருந்தது.

முன்வரிசை நாற்காலியில் அந்த அம்மாவின் படம், மாலையோடு. சப்-இன்ஸ்பெக்டர் சத்யப்பிரியா. லைசென்ஸ் இருக்கா என்று கேட்பதுபோல் ஒரு பார்வை.

"அண்ணா, சொன்னாக் கேளு," என்றாள் சேரனின் தங்கை சந்திரலேகா. "அவரை விட்டாத்தானே வருவாரு? எங்க வூட்டுக்காரரும் பாப்பாவுக்கு மாமா மொறைதான். பட்டு வேட்டி கட்டிக்கிட்டு ரெடியா நிக்கறாரு."

"அத்தை புருஷன் வேற, தாய்மாமன் வேற."

"அதுக்கு?"

"தம்பி மடியிலதான் காது குத்தணும்னு சத்யா சொல்லிட்டா. அவ எங்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான். பெரிய ஆபீசர் வரைக்கும் போய்க் கேட்டிருக்கேன். விடுவாங்க."

ஆசாரி படத்தை உற்றுப் பார்த்தார். "போன மழையில கிள்ளைப் பக்கம் வெள்ளத்துல எறங்கி சனங்களக் காப்பாத்துனாங்களே, அந்த எஸ்.ஐ. அம்மாவா?"

"ஆமா."

"யாரோ பெத்த கொழந்தையப் படகுல ஏத்தி விட்டுட்டு, அவுங்க..."

"ஆமா."

சேரன் இப்போதெல்லாம் அவ்வளவுதான் பேசுவான். மிச்சத்தைச் சந்திரலேகா சொன்னாள். "டூட்டி எப்ப முடிஞ்சாலும் பாப்பாவுக்கு அண்ணிதான் சோறு ஊட்டணும். சிதம்பரத்துக்கு மாத்துன பெறகும் அங்கேர்ந்து கடலூருக்கு ஓடி வருவாங்க. யூனிபார்மைக்கூட மாத்த மாட்டாங்க. இந்த வாலு, பருப்பு சோத்தை அவுங்க தோள்பட்டை ஸ்டார் மேலயே துப்பி வைக்கும்."

வாசலில் போலீஸ் வேன் வந்து நின்றது.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் எழிலன் இறங்கினான். முன்னால் இரண்டு போலீஸ், பின்னால் இரண்டு போலீஸ். நால்வர் கையிலும் சீர்த்தட்டு. பட்டுப்பாவாடை, பழம், வெல்லம், குட்டியாக ஒரு ஜோடி கம்மல்.

"யப்பா! மாமன் சீருக்குப் பந்தோபஸ்தே வந்திருக்கு!" ஆசாரி எழுந்தே நின்றுவிட்டார். "குடும்பமே போலீஸ் குடும்பமா!"

சந்திரலேகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாங்க மச்சான்," என்றான் சேரன்.

"வந்துட்டேன் மாமா. லீவு கெடைக்கறதுக்குள்ள உசுரு போயிடுச்சு."

எழிலன் படத்தின் முன் நின்றான். கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினான். சுவேதா தொப்பியைத் தூக்கி அவனை அளந்தாள்.

"நீ யாரு?"

"ஒன் மாமன்டி."

அது போதுமாயிருந்தது. மடியில் ஏறிக்கொண்டாள். ஆனால் தொப்பி இருக்கும்வரை காதைத் தொட முடியாது. ஆசாரி கெஞ்சினார், சந்திரலேகா மிரட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவளாகவே தொப்பியைக் கழற்றி மாமன் தலையில் வைத்தாள்.

எழிலன் பதறிப்போய், கூட வந்த ஏட்டு ராமாமிர்தத்தைப் பார்த்தான். "ஏட்டய்யா, நானா வைக்கல!"

ஏட்டு சட்டென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க சார்," என்றார் ஆசாரி. "ஒங்களுக்கு இல்லாத தொப்பியா? எத்தன வருஷமா இருக்கீங்க?"

"ரெண்டு வருஷம் ஆவப்போவுது."

"தங்கறதெல்லாம்?"

"அங்கயேதான். சாப்பாடும் அவுங்களே போட்டுடறாங்க."

"குடுத்து வச்சவரு! சார், ஒரு சின்ன உதவி. எம் பையன் பைக்க ஸ்டேஷன்ல புடிச்சு வச்சிருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"எந்த ஸ்டேஷன்?"

"நெல்லிக்குப்பம்."

"அங்க என்னை எல்லாருக்கும் நல்லாத் தெரியும்," என்றான் எழிலன். ஏட்டுக்கு இருமல் வந்துவிட்டது.

ஆசாரி ஊசியை ஏற்றினார். சுவேதா வீறிட்டாள். அவளைவிடச் சத்தமாக அழுதது எழிலன்.

"என்ன சார், போலீஸ்காரரு இப்பிடி அழலாமா?"

"எங்கக்கா இருந்திருந்தா..." என்றான். குழந்தையின் மொட்டைத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இரண்டு காதிலும் கம்மல் மின்னியது. சேரன் படத்தைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான்.

வந்தவர்கள் பந்திக்கு நகர்ந்தார்கள். எழிலன் நாலு வாய் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வேனுக்குப் போனான். பைக் நினைப்பில் ஆசாரியும் வெற்றிலையை மென்றபடி பின்னாலேயே ஓடினார்.

"சார், அந்தப் பைக்கு..."

"நேரமாச்சு எழிலா," என்றார் ஏட்டு. "கையக் குடு."

எழிலன் இரண்டு கைகளையும் நீட்டினான். ஏட்டு விலங்கை மாட்டினார்.

ஆசாரிக்குப் புரை ஏறியது. "அய்யய்யோ! போலீஸ் இல்லியா நீங்க?"

"கேப்பர் மலை ஜெயிலுங்க. பாண்டியிலேர்ந்து சாராயம் கடத்துன கேசு. ஆல்பேட்டை செக்போஸ்ட்டுல கேனோட மாட்டிக்கிட்டேன்."

"எஸ்.ஐ. அம்மாவோட தம்பி நீங்க! ஒங்கள உள்ள வைக்க எவனுக்குய்யா அம்மாந் தைரியம் வந்துச்சு?"

விலங்கு பூட்டிய கைகளைத் தூக்கி எழிலன் மண்டபத்தின் முன்வரிசையைக் காட்டினான்.

"அதோ, மாலையோட ஒக்காந்திருக்காங்க பாருங்க, அவுங்களுக்குத்தான்."