நூலில் கட்டிய பென்சில்

ஜன்னல் வழியே கடல் பனிமூட்டத்தின் வெளிச்சம் பள்ளிக்கூட மண்டபத்துக்குள் பால்போல் இறங்குகிறது. எல்லார் மேலும் ஈரக் கம்பளியின் வாசனை. பிரிட்டனை விட்டு ஸ்காட்லாந்து பிரிய வேண்டுமா என்று கேட்கும் வாக்குச்சீட்டின் முன்னால் எஃபி நிற்கிறாள். ஆம் என்பது அவளுடைய சிறுவயதுக் கனவு. ஆனாலும் நூலில் கட்டிய பென்சில் விரலிடையே சும்மா ஆடுகிறது. அடுத்த தடுப்பிலிருந்து கணவன் வில்ஃப், இங்கிலாந்துக்காரன், செருமுகிறான். "என்னடீ, தூங்கிட்டியா?" "பிரியலாம்னு போட்டா நீ வெளிநாட்டுக்காரனாயிடுவியே!" "உங்கம்மா சாகுறவரைக்கும் என்னை அப்படித்தானே கூப்பிட்டா. உன் மனசுபடி போடு, கிழவி." "உஷ்!" என்கிறார் தேர்தல் அலுவலர். எங்கோ மூட்டத்துக்குள் ஒரு படகின் சங்கு ஊதுகிறது. எஃபி கனவுக்கே குறியிடுகிறாள். பென்சிலை விட்ட கை, தடுப்பைத் தாண்டிப் போய், வில்ஃபின் கோட்டு நுனியை இறுகப் பிடித்துக்கொள்கிறது.